தூரம் குறைந்த வரலாறு: விசேட தேவையுடைய பிள்ளைகளும் ஊவாப் பெற்றோரும்



விசேட தேவையுடைய ஒரு பிள்ளை இருக்கும் வீட்டிற்குச் சுகம் விசாரிக்கச் செல்வோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். "எப்போது சுகமாகும்?" என்பதே அது. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கின்றார். ஆனால் அந்தப் பிள்ளையின் உம்மாவுடைய உள்ளத்தில் வேறொரு கேள்வி இருக்கின்றது. "நான் மௌத்தானதன் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்?" இதனை அவர் எவரிடமும் கேட்பதில்லை. இரவில் பிள்ளை உறங்கிய பிறகு தனக்குள் கேட்டுக்கொள்கின்றார்.

இவ்விரு கேள்விகளுக்கும் இடையேதான் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை தவிக்கின்றது. அந்த நம்பிக்கை எப்போது வளர்ந்தது, எப்போது ஒடுங்கியது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மதீனாவிலிருந்து தொடங்கி நமது பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை மலைகள் வரை வருவோம்.

மதீனாவின் முஅத்தின்களில் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை அறியாதவர் நம்மில் இல்லை. "அபஸ" என்ற அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்கள் அவர் தொடர்பாகவே அருளப்பட்டன என்பதைக் குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் சிறுவரும் சொல்வர். ஆனால் அவரது பெயரை நாம் நின்று நிதானித்துப் பார்ப்பதில்லை. அரபுகள் தந்தையின் பெயரால் அறியப்படுவதே வழக்கம். இவரோ தாயின் பெயரால் அறியப்படுகின்றார். தாயின் இயற்பெயர் ஆத்திகா. "மக்தூம்" என்றால் மறைக்கப்பட்டது என்று பொருள். மகனுடைய கண்கள் பிறவியிலேயே மூடியிருந்தமையால் "உம்மு மக்தூம்", அதாவது மக்தூமின் தாய், என அவர் அழைக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. பிள்ளையின் குறையே தாய்க்குப் பெயராயிற்று. அந்தப் பெயரை அவர் மறைக்கவில்லை. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் உலகம் அந்த மகனை அத்தாயின் பெயராலேயே அழைக்கின்றது.

நமது வீடுகளில் நடப்பது என்ன? மூத்த மகளுக்குக் கலியாணம் பேச ஆட்கள் வரும் நாளில், பேச்சு வராத தம்பியைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துகின்றோம். மாப்பிள்ளை வீட்டார் அறிந்தால் பேச்சு முறிந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்திற்குக் காரணம் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. முறித்துக்கொண்டு போகின்றவர்கள் இருக்கத்தான் செய்கின்றார்கள். அவ்வாறிருக்க, கதவைச் சாத்திய உம்மாவை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகாது. "மக்தூம்" என்ற சொல்லின் பொருளை நம் வீட்டில் மெய்யாக்கியவர்களில் பெண் பார்க்க வந்தவர்களும் அடங்குவர்.

இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வரலாற்றில் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த விடயம் வேறொன்று. ரமழான் இரவுகளில் பிலால் (ரழி) அவர்கள் ஸஹர் உணவுக்காக முன்னதாகவே பாங்கு சொல்வார்கள். வைகறை உதயமானதும் பாங்கு சொல்வது இப்னு உம்மி மக்தூம் அவர்களின் பொறுப்பு. அதைக் கேட்டுத்தான் ஊர் உணவை நிறுத்தும். வைகறையை அறிவதற்கு எது தேவை? கண். அடிவானத்தில் வெண்மை பரவுவதைக் காண வேண்டும். கண் தெரியாத ஒருவரிடம் இப்பொறுப்பு எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது? ஹதீஸ் நூல்கள் விடை தருகின்றன. விடிந்துவிட்டது என்று மக்கள் வந்து சொல்லும் வரை அவர் பாங்கு சொல்லமாட்டார்.

குரல் அவருடையது, பார்வை ஊராருடையது. அவரிடம் இல்லாத ஒன்றை ஊர் இட்டு நிரப்பியது. எளிதான வேறொரு வேலையைக் கொடுத்து மூலையில் இருத்தியிருக்கலாம், அப்படிச் செய்யப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் பிரயாணம் சென்ற வேளைகளில் பல தடவைகள் மதீனாவின் பொறுப்பையும் தொழுகை நடத்துவதையும் அவரிடமே ஒப்படைத்துச் சென்றார்கள். பதின்மூன்று தடவைகள் என்று ஒரு கணக்கு உண்டு.

இன்னொரு தாயின் கதையும் நமது மிம்பர்களில் அடிக்கடி சொல்லப்படுகின்றது. ஹிஜ்ரி 194இல் புகாரா நகரில் பிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் சிறு வயதில் பார்வையை இழந்தார்கள் என்றும், தாயார் இடைவிடாது அழுது துஆச் செய்ய, பார்வை மீண்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். இதனைக் கேட்கும் தாய்மார்களின் கண்கள் கலங்குகின்றன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருடம் துஆச் செய்தும் பிள்ளை எழுந்து நடக்காத தாய் ஒருவர் அந்தச் சபையின் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றார். "அப்படியானால் என் துஆவில்தான் குறை" என்ற முடிவோடு அவர் வீடு திரும்புகின்றார். நாம் அதை நினைத்துச் சொல்வதில்லை, ஆயினும் அதுவே அவருக்குப் போய்ச் சேர்கின்றது. தாவீஸ் கட்டுபவரும், நூல் மந்திரித்துத் தருபவரும், தூர ஊரில் எண்ணெய் தேய்ப்பவரும் அவரது வாசலைத் தட்டுவது அதன் பிறகுதான்.

அதே தாயாரின் கதையில் நாம் சொல்லாமல் விடும் பகுதியொன்று உண்டு. தந்தை சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். தாயார்தாம் பிள்ளைகளை வளர்த்தார். மகனுக்குப் பதினாறு வயதானபோது அவரையும் மூத்த மகன் அஹ்மதையும் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குச் சென்றார். திரும்பும்போது கல்வி கற்பதற்காக அவரை மக்காவிலேயே விட்டுவிட்டு வந்தார். ஒரு காலத்தில் கண் தெரியாதிருந்த பிள்ளையை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விட்டு வருவதற்கு எத்தகைய மனத் துணிவு வேண்டும்! அந்த இளைஞரை ஏற்றுக்கொண்டு பாடம் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் மக்காவில் இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. விட்டுவர ஓர் இடம் இருந்தது.

இனி நமது ஊவாவிற்கு வருவோம்.

இந்த மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பியும், கோப்பி நோயினால் அழிந்த பிறகு தேயிலையும் பயிரிடப்பட்டன. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்களில் குடியமர்த்தப்பட்டன. நம்மவர்களோ அதற்கு முன்பிருந்தே ஊவாவில் இருந்தவர்கள். 1818ஆம் ஆண்டின் ஊவா, வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் தோற்றுவாயைப் பேசும் எவரும் அப்பகுதி முஸ்லிம்களின் தலைவராக ஆங்கிலேயரால் நியமிக்கப்பட்ட ஹாஜி மரிக்காரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தோட்டங்கள் பெருகியபோது பசறை, லுணுகலை, பண்டாரவளை போன்ற கடைத்தெருக்களில் நம்மவர் கடைகளும் பெருகின. தோட்டத்து மக்களுக்கு அரிசியும் துணியும் விற்று, சம்பள நாள் வரை கணக்கில் எழுதி, அவர்களுடைய துக்க சந்தோஷங்களை அறிந்தவர்களாகவே நம் மூதாதையர் வாழ்ந்தனர்.

தோட்டம் என்பது கைகளை எண்ணும் இடம். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். எத்தனை பேர் கொழுந்து பறிக்க, எத்தனை பேர் கவ்வாத்து வெட்ட என்று கணக்கு. "பேர்" என்ற சொல்லே அங்கு ஒரு நாள் சம்பளத்தைக் குறிக்கும். பேர் போட முடியாத பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. உம்மாவோ அம்மாவோ வேலைக்குப் போகும்போது கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருக்கும். மற்றப் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போய்விடும். நடக்காத பிள்ளை எங்கே போகும்? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்க வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் கடமை என விதித்தது. அதுவும் ஆறு முதல் பத்து வயது வரையிலானோருக்கு மாத்திரம். ஒரே மண்டபத்தில் ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்திய அத்தகைய பாடசாலைகளில் காது கேளாத பிள்ளைக்கு எவர் தனியாகப் பாடம் சொல்லியிருப்பார்? பிள்ளைகளின் பாட்டியார், அல்லது பத்து வயது அக்காள், அவரே அப்பிள்ளையின் பாடசாலை.

அக்காலத்தில் இலங்கையில் இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பாடசாலையே இல்லாமலிருக்கவில்லை. 1912ஆம் ஆண்டு மேரி சாப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தெஹிவளையில் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பாடசாலையை ஆரம்பித்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் ஸெனானா மிஷனைச் சேர்ந்தவர் அவர். அதே மிஷன் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வேலையைத் தொடங்கியிருந்தது. ஊவாத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று என்பதை எண்ணும்போது ஒரு வேடிக்கை தோன்றும். ஊரை விட்டு வராதிருந்தால் அந்தக் குடும்பத்தின் கண் தெரியாத பிள்ளை ஒருவேளை எழுத்துப் படித்திருக்கும்.

1912இல் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். வந்த பிறகும் கொழும்புக்குச் சுமார் 290 கிலோமீற்றர். நமுனுகுல மலையடிவாரத் தோட்டமொன்றில் உள்ள தாய் ஒருவர் தம் ஆறு வயதுப் பிள்ளையைத் தெஹிவளையில் சேர்ப்பதென்றால், அதை வருடத்தில் ஓரிரு தடவைகளே காண முடியும். காது கேளாத பிள்ளைக்குத் தன்னை ஏன் விட்டுப் போகின்றார்கள் என்று விளங்க வைக்கவும் வழியில்லை. முஸ்லிம் பெற்றோருக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. மிஷன் பாடசாலைகளைப் பற்றிய அச்சம் சித்தி லெப்பை அவர்களின் காலம் தொட்டு நாம் அறிந்ததே. சாதாரணப் பிள்ளைகளுக்காக நம் முன்னோர் 1892இல் கொழும்பில் ஸாஹிரா கல்லூரியின் மூலமான மத்ரஸாவை உருவாக்கி அந்த அச்சத்திற்கு விடை கண்டார்கள். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு அத்தகைய விடை வெகுகாலம் பிந்தியே வந்தது. மாவனல்லையில் உடல் வலது குறைந்தோருக்காக நம்மவர்கள் நடத்தும் இஸ்லாமிய நிலையம் அவ்வகையில் நன்றியோடு நினைக்கத்தக்கது.

தமிழ் மொழி மூலமான பிள்ளைகளுக்கு 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை திறக்கப்பட்டது. இங்கு ஒரு சிறு விடயத்தை இடையில் சொல்லிவிடுகின்றேன். பள்ளிவாசல்களையும் வக்பு சொத்துக்களையும் பற்றிய 51ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டதும் அதே 1956இல்தான். வக்பு என்ற ஏற்பாட்டினால்தான் சுல்தான் நூருத்தீன் 1154இல் டமஸ்கஸில் கட்டிய மருத்துவமனை நூற்றாண்டுகளாக இலவசமாக இயங்கியது என்று நாம் பெருமையோடு பேசுகின்றோம். பேசுவதில் தவறில்லை. நமது ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை வாடகையில், சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளமேனும் கட்டப்பட்டிருக்கின்றதா என்பதை அவரவர் ஊர்க் கணக்கைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

கைதடியும் ஊவாவிற்குத் தூரமே. யுத்த காலத்தில் அது இன்னும் தூரமாயிற்று. ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், மலையகத்துத் தாய் ஒருவர் பார்வையற்ற தம் பிள்ளையை அப்பாதையால் அனுப்புவதைக் கனவிலும் எண்ணியிருக்க முடியாது.

ஆகவே, ஊவாவின் பெற்றோரிடம் நம்பிக்கை குறைவாக இருந்தது என்று எவரேனும் சொன்னால் அது பிழையான கணிப்பாகும். நம்பிக்கைக்கும் பாடசாலை வாசலுக்கும் இடையே இருந்த தூரம் அதிகமாயிருந்தது. அந்தத் தூரம் எப்படிக் குறையத் தொடங்கியது என்பதே அடுத்த கதை.

1960களின் இறுதியில் பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகளிலேயே சேர்க்கும் முயற்சியை நமது கல்வித் திணைக்களம் தொடங்கியது. பிறகு விசேட கல்வி அலகுகள் என்று பாடசாலைகளுக்குள்ளேயே தனி வகுப்புகள் வந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலிருந்துதான் என்பதால், இம்மாற்றங்கள் மலைக்கு ஏறி வருவதற்குப் பின்னும் காலமெடுத்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் பாடசாலைக்கு வெளியே நிகழ்ந்தது. அதில் நம் நாட்டுப் பெண்மணி ஒருவருக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். பத்மனி மெண்டிஸ் என்ற இயன்மருத்துவர், ஐனார் ஹெலாண்டர் முதலியோருடன் இணைந்து உலக சுகாதார நிறுவனத்திற்காக ஒரு கைநூலைத் தயாரித்தார். பல நாடுகளில் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட பின் அது 1989இல் நூலாக வெளிவந்தது. அதன் அடிப்படை எளிமையானது. நிபுணர்கள் நகரத்தில் இருக்கின்றனர், பிள்ளையோ கிராமத்தில் இருக்கின்றது. எல்லாப் பிள்ளைகளையும் நகரத்திற்குக் கொண்டுவர எந்த ஏழை நாட்டாலும் முடியாது. ஆகவே அறிவை வீட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டும். பிள்ளையை எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது, கை கால்கள் இறுகிய பிள்ளைக்கு எப்படி உணவூட்டுவது, பேச்சு வராத பிள்ளையோடு எப்படி உரையாடுவது, எப்படி விளையாடுவது என்பனவற்றை வீட்டிலுள்ள ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் அவரே பயிற்றுவிப்பாளர். ஊரில் ஒரு தொண்டர் வந்து பார்த்து உற்சாகப்படுத்துவார். சமூகமட்டப் புனர்வாழ்வு என்று இதற்குப் பெயர். நமது சமூக சேவை அமைச்சு 1990களில் இதனை நாடளாவிய வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டது. இன்று பிரதேச செயலகங்களில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தர் இவ்விடயத்திற்குப் பொறுப்பானவர்.

இதைப் படித்தபோது எனக்கு இத்பான் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் நினைவு வந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள சம்பவம் அது. அவர் தம் கோத்திரத்தாருக்குத் தொழுகை நடத்துபவர். கண் பார்வை மங்கிவிட்டது. அவரது வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு. மழை பெய்தால் அதில் வெள்ளம் பாயும், அவரால் கடக்க முடியாது. நபி (ஸல்) அவர்களிடம் வந்து நிலைமையைச் சொல்லி, "தாங்கள் என் வீட்டிற்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தை நான் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வேன்" என்ற கருத்தில் வேண்டிக்கொண்டார். மறுநாள் வெயில் ஏறிய வேளையில் அபூபக்ர் (ரழி) அவர்களுடன் நபியவர்கள் அவரது வீட்டிற்கே வந்தார்கள். அமர்வதற்கு முன்பே, எவ்விடத்தில் தொழ வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே கேட்டார்கள். அவர் காட்டிய மூலையில் தொழுதார்கள். பிறகு அவ்வீட்டில் உணவு பரிமாறப்பட்டது. செய்தி கேட்டு அக்கம்பக்கத்தார் திரண்டு அந்த வீடு நிறைந்துவிட்டது.

இப்னு உம்மி மக்தூம் அவர்கள், தமக்கு வழிகாட்டி இல்லையென்று கூறி வீட்டில் தொழ அனுமதி கேட்டபோது, பாங்கு கேட்கின்றதா என்று நபியவர்கள் வினவி, கேட்பதாயின் வருமாறு பணித்ததையும் நாம் ஓதியிருக்கின்றோம். ஒருவரை அழைத்தார்கள், மற்றவரிடம் சென்றார்கள். இவ்விரண்டையும் இணைத்து ஃபிக்ஹு அறிஞர்கள் நிறையப் பேசியுள்ளனர், அதனை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். பெற்றோருக்கு இதில் எடுத்துக்கொள்ள இருப்பது இதுதான்: வெளியே வரக்கூடிய பிள்ளையை வெளியே வரவழைக்க வேண்டும். வர முடியாத பிள்ளையிடம் ஊர் செல்ல வேண்டும். எது எந்தப் பிள்ளைக்கு என்பதை வீட்டாரிடம் கேட்டறிய வேண்டும்.

மழை நாளில் ஊவாத் தோட்டமொன்றின் மேற்கணக்கிலிருந்து பஸ் வீதிக்கு இறங்கிப் பார்த்தவர்களுக்கு இத்பான் அவர்களின் பள்ளத்தாக்கை விளக்க வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, பதுளை பெரிய ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய்த் திரும்பும்போது அந்தத் தாயின் ஒரு நாள் பேர் போய்விடுகின்றது. பிள்ளை வளர வளரப் பாரம் கூடும், தாயின் வயதும் கூடும். வாரந்தோறும் செல்லும்படி வைத்தியர் சொன்னது மாதமொரு தடவையாகி, பிறகு நின்றுபோகின்றது. "பிள்ளையில் அக்கறையில்லை" என்று எவரும் அவரைச் சொல்லலாகாது. அந்தத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில், இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியுள்ள இடத்தில், பணிபுரியும் உத்தியோகத்தரே ஒரு பிள்ளை உரிய வயதில் தலை நிமிரவில்லை, பேசவில்லை என்பதை முதலில் கவனிக்கக் கூடியவர். அவரோடு தாய் ஒளிவுமறைவின்றிப் பேசினால் ஆண்டுகள் மிச்சமாகும்.

சட்டங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. குறையைக் காரணங்காட்டி ஒருவருக்குக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை அது தடை செய்கின்றது. 1998 முதல் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை பாடசாலை வரவு கட்டாயம், 2016இல் அது பதினாறு வயதாக்கப்பட்டது. 2003இல் தேசியக் கொள்கை ஒன்றும் வெளியாயிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட நமது நாடு 2016இல் அதனை உறுதிப்படுத்தியது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 வீதமானோர், ஏறத்தாழ பதினாறு இலட்சம் பேர், ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமம் உடையவர்கள். அதிபர் ஒருவர் "இந்தப் பிள்ளை இங்கு சரிவராது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து எழுத்தில் கேட்கலாம். வாயால் மறுப்பவர் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்.

இளைஞர்களுக்காக இனி எகிப்துக்குச் செல்வோம். நமக்கும் எகிப்துக்கும் உள்ள உறவு ஒராபி பாஷாவினால் உண்டானது. அவர் 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தவர். அவர் இங்கிருந்த காலத்தில், 1889இல், மேல் எகிப்தின் ஒரு கிராமத்தில் தாஹா ஹுஸைன் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் ஏழாமவர். மிகச் சிறு வயதில் கண் நோய் வந்தது. கிராமத்து நாவிதர் செய்த வைத்தியத்தில் பார்வை முற்றாகப் போயிற்று. தந்தை என்ன நம்பினார்? மகன் குர்ஆனை மனனம் செய்ய வேண்டும், அஸ்ஹரில் ஓதி ஆலிமாக வேண்டும் என்பதே அவரது ஆசை. ஏன் அந்த ஆசை? கண் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சமூகம் திறந்து வைத்திருந்த கௌரவமான வாசல் அதுவொன்றே. அஸ்ஹரில் பார்வையற்ற மாணவர்களுக்கெனத் தனித் தங்குமிடமே இருந்தது. 1902இல் மூத்த சகோதரர் அவரைக் கெய்ரோவுக்கு அழைத்துச் சென்றார். 1908இல் கெய்ரோவில் புதிய பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதில் 1914இல் முதலாவது கலாநிதிப் பட்டம் பெற்றவர் அந்தப் பார்வையற்ற இளைஞர். ஆய்வுப் பொருளும் கண் தெரியாத அபுல் அலா அல்மஅர்ரியைப் பற்றியது. 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சராகி, இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். இலக்கியம், சமயம் பற்றிய அவரது கருத்துகள் பலவற்றை உலமாக்கள் கடுமையாக மறுத்துள்ளனர், அது வேறு விடயம். நான் இங்கு கவனிப்பது தந்தையின் ஆசையை. அது குறைவானதாக இருக்கவில்லை. திறந்திருந்த வாசலின் அளவாக இருந்தது. இன்னொரு வாசல் திறந்தபோது மகன் அதனாலும் நுழைந்தார்.

ஆயினும் இத்தகைய சரிதைகளை மாத்திரம் சொல்லி முடித்தால் அது பெற்றோருக்குச் செய்யும் அநீதியாகும். வரலாறு நினைவில் வைத்திருப்பது கூர்ந்த அறிவுடையோரையே. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, இருபது வயதிலும் தானாக உடை மாற்ற முடியாத பிள்ளை, இவர்களில் எல்லோரும் அமைச்சராகப் போவதில்லை. சிலர் ஒரு சொல்லும் பேசப் போவதில்லை. அவர்களின் பெற்றோரிடம் "முயன்றால் முடியாதது இல்லை" என்று சொல்லும்போது, முடியாமற்போனதற்கான பழியையும் சேர்த்தே கொடுக்கின்றோம். அந்த வீட்டின் நம்பிக்கை வேறு அளவுகோலால் அளக்கப்படுவது. இவ்வருடம் தானாகக் கரண்டியைப் பிடித்தான். தாயைக் கண்டதும் சிரித்தான். ஜும்ஆவுக்கு அழைத்துச் சென்றபோது சத்தமிடாமல் கடைசி வரிசையில் இருந்தான். அவன் சத்தமிட்டாலும் திரும்பிப் பார்த்து முறைக்காத ஜமாஅத் ஒன்று இருக்குமானால், அந்த வாப்பா அடுத்த வாரமும் அழைத்து வருவார்.

அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் இங்கு பொருந்தும். புத்தியில் ஏதோ குறைவுள்ள ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கு ஒரு தேவை இருக்கின்றது என்றார். நீ விரும்பும் தெருவைச் சொல், அங்கு வந்து கேட்கின்றேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்து, ஒரு பாதையோரம் அவரோடு தனித்து நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை செவிமடுத்தார்கள். அந்தத் தேவை என்னவென்று அறிவிப்பில் இல்லை. பெரிதாக ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. நாட்டின் தலைவரான ஒருவரின் நேரம் அவருக்காகத் தெருவில் ஒதுக்கப்பட்டது என்பதே செய்தி.

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எனக்குப் பின் யார்?

இதற்கு விடை பெரும்பாலும் மூத்த சகோதரரோ சகோதரியோதான். ஆனால் அவர்களிடம் எவரும் அதை வெளிப்படையாகப் பேசுவதில்லை. மௌத்து வீட்டில், ஏழாம் நாள் கத்தத்திற்குக் கூடியிருக்கும்போது, "இனி இவனை நீதான் பார்க்க வேண்டும்" என்று அவர்கள் மேல் சுமத்தப்படுகின்றது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளை அமர்த்திப் பேச வேண்டும். இலங்கை முஸ்லிம்களின் சொத்துரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நமது மத்ஹபின்படி பங்கிடப்படுகின்றது. அந்தப் பங்கீட்டில் விசேட தேவையுடைய பிள்ளைக்கும் மற்றவர்களைப் போலவே உரிய பங்குண்டு. அதற்கு மேலாக அப்பிள்ளையின் பராமரிப்புக்கென எதையேனும் ஒதுக்க விரும்பும் பெற்றோர், ஹயாத்தோடிருக்கும்போதே நன்கொடையாகவோ வக்பாகவோ செய்வதைப் பற்றி ஓர் ஆலிமிடமும் ஒரு நொத்தாரிசிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். காரணத்தை அவர்களிடம் சொல்லிச் செய்தால், பிற்பாடு வழக்கு வராது. லயக் காம்பராவில் எழுதி வைக்கச் சொத்தில்லாத குடும்பத்திற்கும் இந்தப் பேச்சு தேவையானதே.

சொத்து விபரத்தோடு இன்னொரு தாளும் எழுதி வைக்கப்பட வேண்டும். எந்த மருந்து எந்த நேரத்தில், எந்த உணவு தொண்டையில் சிக்கும், எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் உறக்கம் வரும், இடிச் சத்தத்திற்குப் பயந்து அழும்போது என்ன சொல்லித் தேற்ற வேண்டும், கையைக் காதருகே கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம் என்பனவெல்லாம் இன்று அந்த உம்மா ஒருவருக்கே தெரியும். மூத்த மகன் அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல, ஒரு பாடசாலைக் கொப்பியில் அதை எழுதத் தொடங்கலாம்.